கொழுந்து லொறியின் தேய்ந்த இடங்கள்

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலருண்டு. ஆற்றுவதற்கு எத்தனையோ கடமைகள் காத்திருக்கையில், வயதுவந்த மனிதர் சிறு வண்டிகளைச் செய்து மகிழ்வது தகுமா என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. லிந்துலையில் ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டு, மாலை வேளைகளில் மாதிரி வண்டிகள் செய்துவரும் நாம் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம். அவ்விடை ஒரு கொழுந்து லொறியைப் பற்றியது. 10 அங்குல நீளத்தில் அது எமது மேசைமீது நிற்கிறது.

மாதிரி வண்டி என்பது வெறும் விளையாட்டுப் பொருளன்று. மெய்யான வண்டியை அளந்து, ஒரே விகிதத்தில் எல்லாப் பாகங்களையும் சிறிதாக்கிச் செய்வதே மாதிரி. எமது லொறி இருபத்துநான்கில் ஒரு பங்கு. மெய்யான வண்டியில் 2 அடி, மாதிரியில் 1 அங்குலம்; 20 அடி லொறி 10 அங்குலமாகிறது. சில்லில் ஒட்டிய சேறு 12 மில்லிமீற்றர் கனமாக இருக்குமாயின், மாதிரியில் அது அரை மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் கண் அதனைச் சேறென்று ஏற்காது. இந்தக் கட்டுப்பாடே கலையின் முதற்பாடம்.

இக்கலையில் இரு வழிகள் உண்டு. ஒன்று, விற்பனைக்கூடத்தில் நிற்கும் வண்டியைப் போலப் பளபளவென்று செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது. மற்றது, ஓடி உழைத்த வண்டியை அதன் துருவோடும் தூசியோடும் செய்வது. பின்னதனைப் பழமையேற்றுதல் எனலாம். கலிபோர்னியாவின் மொன்டரே நகரில் வாழ்ந்த ஜோன் அலன் (1913–1973) என்ற புகைப்படக் கலைஞர் இவ்வழியின் முன்னோடிகளுள் ஒருவர். மற்றவர்கள் தமது சிறு ரயில்களைத் துடைத்துத் துடைத்து வைத்த காலத்தில், அவர் தமது ரயில்களுக்கும் கட்டடங்களுக்கும் அழுக்கையும் தேய்வையும் அளித்தார். பின்னர் போர்வண்டி மாதிரிகள் செய்வோர் இதனை உலகெங்கும் பரப்பினர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எந்த வண்டிக்கு மாதிரி செய்யத் தகும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம் முதல், இன்றைய பெரும் நிறுவனங்கள் வரை, கடையில் விற்கும் பாகப் பெட்டிகளுள் பெரும்பாலானவை போர்த் தாங்கிகளும் பந்தயக் கார்களும் ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகளுமே. டிம்புளைப் பள்ளத்தாக்கின் வளைவுகளில் கொழுந்துச் சாக்குகளைச் சுமந்து ஏறிய லொறியின் பாகங்கள் அடங்கிய பெட்டியொன்றை நாம் எக்கடையிலும் கண்டதில்லை. ஆகவே அட்டை, தகரம், மென்பலகை கொண்டு நாமே அதனைக் கட்ட வேண்டியதாயிற்று. நாம் தெரிந்தெடுத்தது 1958இல் வெளிவரத் தொடங்கிய பெட்போர்ட் ஜே வகை லொறி. முன்புறம் இங்கிலாந்தில் செய்த எஃகு. பின்புறம் நம்நாட்டுத் தச்சர் அடித்த மரப்பெட்டி.

பழமையேற்றும் முறைகளிற் பல சமையலறையிலிருந்தே பிறந்தவை. தகரத்தின்மீது முதலில் துருநிறத்தைப் பூசி உலரவிட வேண்டும். பின்னர் சிறிது நீர் தடவி, கல்லுப்பைத் தூவி, அது காய்ந்து ஒட்டிக்கொண்டதும் வண்டியின் நிறத்தை மேலே பூச வேண்டும். அது உலர்ந்த பின் உப்பை உரசி உதிர்த்தால், உப்பு இருந்த இடமெல்லாம் அடியிலுள்ள துரு தெரியும். பெயின்ட் தானே உரிந்தது போலத் தோன்றும். பலகைக்கு வேறு முறை. கடுஞ்சாயத் தேநீரைப் பலகையிற் பூசி உலர்த்தி, பழைய ஆணிகளைச் சில நாள் ஊறவைத்த வினாகிரியை அதன்மேல் தடவினால், சிறிது நேரத்தில் புதுப்பலகை பல மழைக்காலம் கண்டது போல நரைத்துக் கறுக்கும். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடுவதால் நேரும் மாற்றம் இது. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி நம் முன்னோர் எழுத்து மை செய்ததும் இதே தத்துவத்தில்தான். கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல்களிற் படிந்து, கழுவினாலும் போகாத கறையும் தேயிலையின் அதே துவர்ப்பினால் வருவதே.

ஆயினும் முறைகளை அறிந்துவிட்டால் மட்டும் போதாது. துரு எங்கே வரும், எங்கே வராது என்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1948இல் அது முதன்முதலாக வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியது. அதனால் அதன் மேற்றகடுகளை அலுமினியக் கலவையிற் செய்தனர். அலுமினியத்தில் செந்துரு பிடிப்பதில்லை. நசுங்கிய இடத்தில் வெள்ளி நிறமே தெரியும். எஃகாலான அடிச்சட்டம் துருவேறும். அழகுக்காக அதன் கதவில் செந்துருவைப் பூசுபவர் வண்டியைப் பற்றிப் பொய் சொல்கிறார். அந்தப் பொய்யோடு எஃகுத் தட்டுப்பாட்டின் வரலாறும் மறைந்துவிடுகிறது.

அழுக்குக்கும் காலமுண்டு. லிந்துலையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்காலத்து லொறியின் அடிப்பாகத்தில் செம்மஞ்சள் சேறு அப்பியிருக்கும். மேற்பாகத்தை மழை கழுவிவிட்டிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சி. டிம்புளைத் தேயிலை சிறந்த மணம் பெறும் பருவம் அதுவே. அப்போது தூசி லொறியின் கூரை வரை மென்மையாகப் படியும். எனவே மாதிரி செய்பவர், “இது எந்த மாதத்து லொறி?” என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். இரண்டு பருவத்து அழுக்கையும் ஒரே வண்டியில் அள்ளிப் பூசினால், அது எந்த ஊரிலும் எந்நாளிலும் ஓடாத வண்டியாகிவிடும்.

இவையெல்லாம் இயற்கை இட்ட தடங்கள். மனிதர் இட்ட தடங்களைப் பற்றி எமக்கு அறிவுறுத்தியவர், தோட்ட லொறி ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். நிறம் பூசி முடித்து, பழமையேற்றத் தொடங்குமுன் லொறியை அவரிடம் காட்டினோம். எங்கெங்கே தேய்ந்திருக்கும் என்று கேட்டோம். அவர் லொறியைக் கையிலெடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“முதல்ல இதுல யாரு யாரு ஏறுறாங்கன்னு சொல்லுங்க மாஸ்டர். பொறகுதான் எங்க தேயும்னு சொல்ல முடியும்.”

பின்னர் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். வலப்புறக் கதவின் மேல்விளிம்பு, டிரைவரின் முழங்கை ஊன்றித் தேய்வது. இடப்புற மிதிபலகை, ஏற்றத்தில் வண்டி நின்றதும் கிளீனர் கட்டையோடு குதித்துப் பின்சில்லுக்கு அணை கொடுப்பதால் நடுவில் வெளுப்பது. பின்கதவின் வெளிப்புறம், சாக்குகளைத் தூக்கி எறிவோரின் இடுப்பும் வயிறும் உரசி வழுவழுப்பாவது. இவற்றையெல்லாம் சொன்னபின் பின்சில்லுக்கு மேலேயுள்ள பலகையைக் காட்டி, அங்கே நன்றாகத் தேய்க்கச் சொன்னார். தூரத்து மலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் நாட்களில், பெண்கள் சில்லின்மேல் ஒரு காலை வைத்து, அந்தப் பலகையைப் பற்றித்தான் ஏறுவார்களாம். கூடையும் கையிலிருக்கும், மழையும் பெய்துகொண்டிருக்கும். ஏறுவதற்குப் படி எதுவும் லொறியில் இல்லை. சாக்குக்குப் படி தேவையில்லை அல்லவா? சாக்குக்காகச் செய்த வண்டியில் மனிதரும் ஏறினர்.

அதே லொறி வேறொரு சுமையையும் சுமந்ததாக அவர் கூறினார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வாண்டுகளில் தலவாக்கலை ரயில் நிலையத்துக்குக் குடும்பங்களையும் தகரப்பெட்டிகளையும் அம்மி குழவிகளையும் தாம் ஏற்றிச்சென்றதை முதியவர் நினைவுகூர்ந்தார். அங்கிருந்து ரயில், தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். மரப்பெட்டியின் தரையில் நீளவாக்கில் விழும் கீறல்கள், தகரப்பெட்டியை இழுப்பதால் வருபவை. கொழுந்துச் சாக்கு கீறாது. அந்தக் கீறல்களை எமது லொறியில் ஊசிமுனையால் இட்டோம். அவை எவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படா. ஆனாலும் அவை அங்கே இருக்கின்றன.

1888இல் மார்கரெட் ஹார்க்னெஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ், நுணுக்கங்களில் உண்மையாக இருப்பது மட்டும் யதார்த்தமாகாது, மனிதரையும் அவர்களைச் செயற்படத் தூண்டும் சூழலையும் அவற்றின் வகைமாதிரித் தன்மையோடு காட்டுதல் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். நமது இலக்கிய மேடைகளிற் பலமுறை விவாதிக்கப்பட்ட கருத்து அது. அதன் பொருள் எமக்கு நன்கு விளங்கியது இந்த மரப்பெட்டியில்தான். துருவை அச்சொட்டாகச் செய்துவிடலாம், அது நுணுக்கம். அந்தத் தேய்வுக்கு உரியவர் யார் என்று விசாரிக்கும்போதே யதார்த்தம் தொடங்குகிறது.

இதற்கு வலுவான மறுப்பொன்றும் உண்டு. பிறர் வாழ்க்கையின் தேய்வை எடுத்து மேசையலங்காரம் ஆக்குவது வறுமையை இரசிப்பதாகாதா? உலகச் சந்தையில் இன்று துருவையும் சேற்றையும் சிறு போத்தல்களில் அடைத்து விற்கிறார்கள். காரணமின்றிப் பூசப்படும் அந்தத் துரு, இடிந்த லயத்தைப் படம்பிடித்து அழகென்று மகிழும் சுற்றுலாப் பயணியின் பார்வைக்கு ஒப்பானது. இம்மறுப்பை நாம் புறந்தள்ளவில்லை. எமது வகுப்புச் சிறுவன் ஒருவன் அதனை எம்மைவிடத் தெளிவாகச் சொன்னான்.

லயங்களிற் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வண்டி செய்து வருகின்றனர். டின்மீன் பேணி உடலாகும். தேய்ந்த பாட்டாச் செருப்பை வட்டமாக வெட்டினால் சில்லு. முறிந்த குடைக்கம்பி அச்சு. சோடா மூடி முன்விளக்கு. விகிதக் கணக்கில்லை, ஆனால் இறக்கத்தில் ஓடும். இச்சிறுவனும் அப்படியொரு லொறி செய்து, எங்கோ கிடைத்த சிவப்புப் பெயின்டைப் பூசிக் கொண்டுவந்தான். எமது லொறியையும் நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்:

“ஏன் சேர் இதைப் பழசாக்கினீங்க? பழசு இங்க நெறையக் கெடக்குதே. புதுசுதானே செய்யணும்?”

நாம் புதுத் தகரத்தைப் பழையதாக்குகிறோம். அவன் பழைய பேணியைப் புதியதாக்குகிறான். துருவை அன்றாடம் கூரையிற் பார்த்து, அது ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்து வளர்கிற பிள்ளைக்குத் துரு ஒரு கலையனுபவம் அன்று. அவன் கேள்வியில் ஒரு வர்க்கத்தின் நியாயம் இருக்கிறது.

ஆயினும் பழையதன் சாட்சியத்தை எவரேனும் காக்கத்தான் வேண்டும். கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்று தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. இயந்திரங்கள் அங்கே நன்கு துடைத்து வைக்கப்பட்டுள்ளன. கம்பளைப் பக்கத்தில், பழைய லயன் காம்பராக்களிலேயே தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகமும் அமைந்துள்ளது. அங்கே அவர்கள் புழங்கிய பொருட்களைக் காணலாம். எஞ்சிய பொருட்களோ பழைய இரும்புக்கு நிறுத்துப் போடப்பட்டு உருகிப்போகின்றன. பிடியின் தேய்வு உருகும்போது, அதைப் பிடித்த கையின் சாட்சியமும் போய்விடுகிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் சொல்ல விழைவது இதுவே. கைப்பணிப் பாடவேளையில் மாணவரிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, ஊரில் ஒதுக்கிக் கிடக்கும் லொறியையோ டிரக்டர் பெட்டியையோ அளந்துவரச் செய்யுங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். ஏன் தேய்ந்தது என்று வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதட்டும். விகிதம் கணிதமாகும், துரு இரசாயனமாகும், சேறு புவியியலாகும். பாட்டி சில்லின்மேல் கால்வைத்து ஏறிய கதை வரலாறாகும். அட்டையும் கோந்தும் போதும், அதிகச் செலவில்லை.

அச்சிறுவனின் சிவப்பு லொறியைப் பற்றி ஒரு விவரம் எஞ்சியுள்ளது. அதன் உட்புறத்தில் தீக்குச்சிகளால் இரண்டு வரிசை இருக்கைகள் ஒட்டியிருந்தன. பின்புறத்தில், மூன்று குச்சிகளை அடுக்கிக் கட்டிய ஒரு படி தொங்கியது. கொழுந்து லொறிக்கு எதற்குப் படி என்று கேட்டோம்.

“இது ஆளு ஏறுற லொறி சேர். அம்மா ஏறணுமில்ல?” என்றான்.

அப்படியை அளந்து பார்த்தோம். எமது விகிதத்தில் கணக்கிட்டால் தரையிலிருந்து ஓரடி உயரம் வரும். நனைந்த சேலையோடு, கூடையையும் வைத்துக்கொண்டு ஏறும் ஒரு பெண்ணுக்கு அது சரியான உயரமே.