சாட்சி இல்லாத சிடிகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஆறு ஷூ பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே ஷூ இல்லை, சிடிகள். மொத்தம் 143. பெட்டிகள் அம்மா வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கழித்துப் போட்டவை. சிடிகள் என் சித்தப்பாவுடையவை. வாலாஜாபேட்டையைச் சுற்றியுள்ள காலனிகளுக்குப் பதினைந்து வருடம் மைக் செட் போட்டவர் அவர். ஏப்ரல் 14, டிசம்பர் 6, மஞ்சள் நீராட்டு, காரியம், சர்ச் கன்வென்ஷன் என எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் அங்கே பாடியதை, பேசியதைப் பதிவு செய்து, பிறகு கடையில் கொடுத்து சிடியில் ஏற்றி வைத்துக்கொள்வார்.

நான்கு மாதங்களாக, ஞாயிற்றுக்கிழமைகளில், இந்த சிடிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் போட்டு, ஒலியில் ஒரு துளியும் குறையாத ஃபைல்களாக எடுத்து வைக்கிறேன். "யூடியூப்ல இல்லாத பாட்டா? இந்தக் காலத்துல யாராவது சிடியைக் கட்டி அழுவாங்களா?" என்று உடன் வேலை செய்யும் தோழர் கேட்டார். இதற்கும் சாதி ஒழிப்பு அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில், யூடியூபில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். சினிமாப் பாட்டு இருக்கிறது. பெரிய கம்பெனி வெளியிட்ட பக்திப் பாட்டு இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் நம் தெருவில், கடன் வாங்கிப் போட்ட மேடையில் பாடிய அம்பேத்கர் பாட்டு இல்லை. வாலாஜாபேட்டையின் வரலாறு என்று கேட்டால் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் வரும். 1856இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்றது வாலாஜா ரோட்டில் என்பதும் வரும். அந்த ஊரைச் சுற்றியுள்ள சேரிகள் தங்கள் தலைவரைப் பற்றி என்ன பாடின என்பது எந்தப் புத்தகத்திலும் வராது. அது இந்த ஷூ பெட்டிகளில்தான் இருக்கிறது.

சரி, எம்பி3யாக மாற்றினால் போதாதா? போதாது. சிடியில் ஒலி, நொடிக்கு 44,100 முறை அளந்த எண்களாகப் பதிந்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. நாம் சாதாரணமாகப் பயன்படுத்திய 128 கேபிபிஎஸ் எம்பி3 இதைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. காதுக்குத் தெரியாது என்று அது கணக்குப் போட்டவற்றைத் தூக்கி எறிந்துதான் அப்படிச் சுருக்க முடிகிறது. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. இந்த முறை மிகவும் திணறுவது திடீரென்று வெடிக்கும் ஓசைகளில். குச்சி தோலில் படும் அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே மங்கலான ஓர் இரைச்சல் சேர்ந்துவிடும், அடியின் கூர்மை மழுங்கிவிடும். தம்பூராவுக்கு இது பெரிய நஷ்டமில்லை. பறைக்கு நஷ்டம்.

ஃபிளாக் என்ற வடிவம் எதையும் எறிவதில்லை. துணியைக் கிழிக்காமல் மடித்து வைப்பது போல, சிடியில் இருந்த எண்களை அப்படியே மடித்துச் சுமார் பாதி இடத்தில் அடக்குகிறது. விரித்தால் ஓர் எண்கூடக் குறையாது. 2001இல் வந்த இது யாருக்கும் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டாத வடிவம். 2024 டிசம்பரில் இணையத் தரநிலையாகவும் வெளியாகிவிட்டது. ஒரு மணி நேர சிடிக்கு முந்நூறு, நானூறு எம்பி. என்னிடமுள்ள மொத்தமும் ஒரு சிறிய பென்டிரைவில் அடங்கும்.

எடுக்கும் முறையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் பெட்டிகள் இருக்கலாம். விண்டோஸ் கணினி என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் போதும். ஆடியோ சிடியில் கீறல் இருந்தால் பிளேயர் நமக்குச் சொல்லாது. விட்டுப்போன இடத்தை ஊகித்து நிரப்பிவிட்டுப் பாடிக்கொண்டே போகும். இந்த மென்பொருள் அப்படி விடாது. ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு முறை படிக்கும். ஒத்துவராவிட்டால் திரும்பத் திரும்ப, மோசமான இடத்தில் 82 முறை வரைக்கும் படிக்கும். அப்படியும் முடியாவிட்டால் எந்த நிமிடத்தில் சந்தேகம் என்று எழுதிக் காட்டும். ஒரு சிடி பத்து நிமிடத்தில் முடிந்தது, இன்னொன்று ஐந்து மணி நேரம் எடுத்தது. எம்பி3 பாட்டாகவே நிரப்பி விற்ற சிடிகளும் சித்தப்பாவிடம் இருந்தன. அவற்றை ஃபிளாக் ஆக்குவதில் பயனில்லை, இழந்தது ஏற்கனவே போய்விட்டது. அவற்றை அப்படியே காப்பி செய்துகொண்டேன்.

இந்த வேலையில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது ஒரு சிறிய வரி. ஆக்யுரேட்ரிப் என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. நீங்கள் எடுத்த ஃபைலை, உலகில் அதே சிடியிலிருந்து மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டு, இத்தனை பேருடையதோடு ஒத்துப்போகிறது, உங்கள் நகல் சரி என்று சொல்லும். சித்தப்பாவின் பெட்டியிலிருந்த இளையராஜா சிடியைப் போட்டதும் உடனே பதில் வந்தது. படத்தின் பெயர், பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் தானாக நிரம்பின. அடுத்து ஒரு காலனியின் அம்பேத்கர் பிறந்தநாள் சிடியைப் போட்டேன். தரவுத்தளத்தில் இல்லை என்றது. 'ட்ராக் 1', 'ட்ராக் 2', 'பாடியவர்: தெரியாது' என்று திரை நின்றது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

இது அந்த மென்பொருளின் சாதிப் புத்தி இல்லை. அது நேர்மையாகத்தான் சொல்கிறது: உன் சிடிக்குச் சாட்சி இல்லை. வன்கொடுமை வழக்குகளில் நாம் கேட்டுக் கேட்டுப் புளித்த வாக்கியம் இது. நடந்தது உண்மை, பார்த்தவர்களும் உண்டு, ஆனால் ஏட்டில் ஏறவில்லை. பெரிய கம்பெனி அச்சடித்த சிடி ஆயிரக்கணக்கில் உலகெங்கும் இருப்பதால் ஒன்றுக்கொன்று சாட்சியாகிறது. நம்முடையது பத்துப் பிரதி எழுதி, எட்டு தொலைந்து, ஒன்று கொல்லையில் காக்காய் விரட்டத் தொங்கி, மிச்சம் ஒன்று பரணில் கிடக்கிறது.

அதனால் சாட்சியைத் தேடி நானே போனேன். ஒரு நிகழ்ச்சியின் சிடி இன்னொரு வீட்டிலும் இருந்தால் வாங்கி வந்து அதையும் எடுத்தேன். இரண்டையும் ஒப்பிட்டேன். தொடக்கம் சில மில்லி நொடி முன்பின்னாக இருந்தாலும் உள்ளே உள்ள ஒலி ஒன்றாக இருந்தால் இரண்டும் சரி. இதுவரை 11 சிடிகளுக்கு இப்படி இரண்டாவது பிரதி கிடைத்திருக்கிறது. ஒரு சிடியின் கடைசிப் பாட்டு எங்களுடையதில் படிக்கவே முடியவில்லை, பக்கத்துக் காலனிப் பிரதியில் முழுதாக இருந்தது.

பெயர்தான் பெரிய வேலை. அட்டையில் இருந்த பெயர்களைப் பாருங்கள்: நன்கொடை கொடுத்தவர், கட்சிப் பொறுப்பாளர், ஒலிப்பதிவுக் கூடம், அட்டை அச்சடித்த அச்சகம். பாடியவர்கள் இடத்தில் ஓர் ஆணின் பெயர், பக்கத்தில் 'குழுவினர்'. அந்தக் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாப் பெண்களும், பறையடித்த எல்லாக் கைகளும் அடைக்கப்பட்டிருக்கின்றன. சாதிக்கு எதிரான மேடையில்கூட யார் பெயர் அச்சேற வேண்டும் என்பதில் ஒரு வரிசை இருந்திருக்கிறது. இதை நாம்தான் பேச வேண்டும்.

ஒரு சிடியில் மூன்றாவது பாட்டைப் பாடிய பெண்ணின் குரல் யாரையும் நிறுத்திவிடும். விசாரித்து விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். பல வருடம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர், இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதல் வரி முடிவதற்குள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாமா, இது இன்னும் கீதா?"

"இருக்குது பெரிம்மா. அட்டையில உங்க பேர் இல்ல. அதான் கேட்டு எழுத வந்தேன்."

"எம் பேரு எதுக்குமா? எல்லாரும் சேந்துதானே பாடனோம்."

"அப்போ எல்லார் பேரும் சொல்லுங்க."

யோசித்து யோசித்து ஏழு பேர் சொன்னார். பின்குரல் பாடிய நான்கு பெண்கள், பறைக்கு இரண்டு பேர், பாட்டு எழுதிய ஒருவர். எழுதியவர் நைட் ஷிப்டு முடித்து வந்து சிகரெட் அட்டையில் எழுதுவாராம். ஏழில் மூன்று பேர் இப்போது இல்லை. அந்த நாளில் தான் ஆறு மாதக் கர்ப்பம் என்றும், மூச்சு பிடிக்க முடியாமல் ஓர் இடத்தில் நிறுத்தினேன் என்றும் சொன்னார். கேட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் மூச்சு கேட்கிறது. எம்பி3யில் கேட்குமா என்று எனக்குச் சோதிக்கத் தோன்றவில்லை. அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை, அது அவர்கள் அனுமதியோடு நடக்க வேண்டியது. ஃபைலுக்குள் எட்டுப் பெயரையும் எழுதிவிட்டேன். ஃபிளாக் ஃபைலில் பாடியவர், இசைத்தவர், ஊர், தேதி என்று எத்தனை வரி வேண்டுமானாலும் தமிழிலேயே எழுதலாம். பாட்டு எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும்.

பாட்டுகளுக்கு நடுவே வரும் இரைச்சலை வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். செய்ய மாட்டேன். ஜெனரேட்டர் சத்தம் இருக்கிறது என்றால் அந்த மேடைக்குக் கரண்டு இல்லை என்று அர்த்தம். நடுநடுவே அறிவிப்பு வருகிறது: இந்தத் தெருவைச் சேர்ந்த இன்னார் பத்து ரூபாய் அன்பளிப்பு, தோல் கம்பெனித் தொழிலாளர்கள் சார்பாக ஐம்பது ரூபாய். ஒரு விழாவை யார் காசில் நடத்தினோம் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எந்த அரசு அலுவலகத்திலும் கிடைக்காது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பாட்டைவிட இந்த அறிவிப்புகள் எனக்குச் சில நேரம் முக்கியமாகப் படுகின்றன.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று நாம் அறிந்தவர், தலித் விடுதலைக்கு நாட்டுப்புற இசையைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம் முக்கியமானது. அந்த இசை யார் கையிலும் மாறும், பாடுகிறவர் தன் தேவைக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம், அதுதான் அதன் பலம். ஸோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி எழுதிய நூலின் மையமும் இதுதான். அப்படி இருக்க, ஒரு நாள் பாடியதை எண் பிசகாமல் உறைய வைப்பது ஏன்?

பாட்டை நான் உறைய வைக்கவில்லை. அந்தப் பெண்மணியின் பேத்தி நாளைக்கு அதையே ராப்பாகப் பாடட்டும், வரியை மாற்றட்டும். பாட்டியின் குரல் கையில் இருந்தால்தான் தான் எதை மாற்றுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடினார், கேசட்டாகவும் போனது, பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பாடிவிட்டார்கள். இருவருமே 2016இல் மறைந்தார்கள். குணசேகரன் எப்படிப் பாடினார் என்று இன்று கேட்க முடிவது பதிவு இருப்பதால்தான். கர்நாடக சங்கீதத்துக்கு இந்தக் கவலை இல்லை. சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளை உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஆவணக் காப்பகம் இருக்கிறது. அவர்கள் பாதுகாத்ததைக் குறை சொல்லவில்லை. நாமும் பாதுகாக்க வேண்டும் என்கிறேன்.

பாதுகாப்பது என்றால் ஒரு பென்டிரைவில் போட்டுப் பூட்டி வைப்பது அல்ல. எம்.என். ஸ்ரீனிவாஸ் ராம்புரா கிராமத்தைப் பற்றி வகைப்படுத்தி எழுதிய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்தன. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன. பிறகு நினைவிலிருந்து எழுதி அதை 1976இல் நூலாக்கினார். பேராசிரியரின் நினைவு நூலாகும், பாடத்திலும் சேரும். நம் பெரியம்மாக்களின் நினைவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே மூன்று பிரதி, மூன்று வீடு. ஒன்று என்னிடம், ஒன்று சென்னையில் ஒரு தோழரிடம், ஒன்று அந்தந்தக் காலனி இளைஞர்களிடம்.

இணையத்தில் ஏற்றும் அவசரம் வேண்டாம். பாடியவர் சம்மதம் முதலில். தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை நிகழ்த்துக் கலைஞருக்கு உண்டு. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவாக அது சேர்ந்திருக்கிறது. பறையடித்தவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும், மைக் செட் போட்ட அண்ணன் வீட்டிலும், மூடிப்போன கேசட் கடைக்காரரிடமும் கேளுங்கள். கடையில் எழுதிய சிடி பழுக்கும் சாயத்தில் எழுதியது, வெயிலும் சூடும் அதைத் தின்றுவிடும். துடைப்பதானால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய துணியால் நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். மேல்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், பதிவு அந்தப் பக்கத்துக்குத்தான் நெருக்கம், அதோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். எடுத்து முடித்ததும் பாடியவரைத் தேடிப் போய்ப் பெயர் கேளுங்கள். சிடி இன்னும் இரண்டு வருடம் தாங்கலாம். பெயர் தெரிந்தவர்கள் தாங்குவார்களா என்று சொல்ல முடியாது.

ஜெய் பீம்.