மலைமேல் ஒரு மேகம்

வளைகுடா என்றதும் மணலும் ஒட்டகமும் மட்டுமே உங்கள் நினைவில் தோன்றுமாயின், ஓமானிலுள்ள வாதி ஷாபை நீங்கள் அவசியம் காண வேண்டும். மஸ்கட்டிலிருந்து சூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சென்றால், திவி என்னும் கடலோரச் சிற்றூருக்கு அருகே மலையைப் பிளந்துகொண்டு அந்த ஆறு வெளிப்படுகின்றது.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை, விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் பன்னிரண்டு வயது மருமகனுடன் அங்குச் சென்றேன். முகத்துவாரத்தைச் சிறு படகில் கடந்ததும் பேரீச்சையும் வாழையும் நிறைந்த தோட்டங்கள். பாறையை ஒட்டிச் செல்லும் 'பலஜ்' வாய்க்கால்களில் நீர் சலசலத்து ஓடியது. இருபுறமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழும்பி நிற்க, உருண்டைக் கற்களின்மீது முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். அதன்பின் பச்சை நிற மடுக்கள். அவற்றை நீந்திக் கடந்து, தலை மட்டுமே நுழையக்கூடிய பாறைப் பிளவின் வழியே சென்றால், உள்ளே அருவி விழும் குகை! மருமகன் அந்தக் குகைக்காகவே வந்திருந்தான். ஊர்க்குளத்தில் நன்கு நீந்திப் பழகியவன்.

மடுவை நெருங்கும் வேளையில், தோட்டத்து முதியவர் ஒருவர் எங்களைக் கைதட்டி அழைத்தார். மேற்கே மலையுச்சியில் கருத்திருந்த மேகத்தைக் காட்டினார். பின்னர், எங்கள் தலைக்கு மேலே பாறை இடுக்கில் செருகிக் கிடந்த காய்ந்த ஈச்ச மட்டையைக் காட்டினார். வெள்ளம் அதை அங்கே வைத்துச் சென்றிருந்தது. வேறு விளக்கம் எதற்கு?

எங்களுக்கு மேலே வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆயினும் ஹஜர் மலைத்தொடரில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை பெய்வதுண்டு. மொட்டைப் பாறை நீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் இக்குறுகிய வழியாகவே பாய்ந்துவரும். 2024 ஏப்ரலில் ஓமானில் பள்ளிப் பிள்ளைகளின் வாகனத்தை வாதி வெள்ளம் அடித்துச் சென்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

"மாமா, பத்தே நிமிடம்!" என்று கெஞ்சினான் பையன். அவனுடைய கையைப் பற்றித் திரும்பி நடந்தேன். படகுத்துறை வரை அவன் என்னோடு பேசவில்லை. எங்களுக்கு எதிரே இளைஞர் சிலர் சிரித்தவாறு உள்ளே சென்றுகொண்டிருந்தனர். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

அன்று வெள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மாலையில் அவ்விளைஞர்கள் நனைந்த தலையுடன் திரும்பி வந்து, குகையின் அழகை மருமகனிடமே வருணித்தார்கள்! ஊர் திரும்பிய பின்பும் தொலைபேசியில் அவன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, குகைக்கு எப்போது போகலாம் என்பதுதான்.