பரண்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர்



நேற்று ஸ்ரீரங்கத்தில் என் பழைய மாணவர் ஒருவரின் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். பரண்மேல் துணி சுற்றிய பழைய கம்ப்யூட்டர். "தூக்கிப் போட மனசு வரலை சார்" என்றார். அந்தக் கதையை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. மத்திய வரி, மாநில வரி என்று பில்லில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அப்போது தில்லைநகரில் இருந்த இன்னொரு மாணவன், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக பில்லிங் சாஃப்ட்வேர் எழுதியிருந்தான். அவனுக்கு முதல் வாடிக்கையாளராக இந்தக் கடையைச் சொன்னது நான்தான். சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி இருவரும் போனோம்.

பென் டிரைவைச் செருகினான். புரோகிராம் திறக்கவே இல்லை.

காரணம் இதுதான். அவன் எழுதியது டாட்நெட் 4.6-க்கு. கடையில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அதில் டாட்நெட் 4.0-க்கு மேல் ஏறாது. எவ்வளவு நல்ல சமையல்காரர் வந்தாலும், அந்த வீட்டு அடுப்பில்தானே சமைக்க வேண்டும்? டாட்நெட் அந்த அடுப்பு மாதிரி.

"கம்ப்யூட்டரை மாத்திடுங்கண்ணே. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட மைக்ரோசாஃப்டே அப்டேட்டை நிறுத்திட்டாங்க" என்றான்.

"இப்ப முடியாது தம்பி, பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்றவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "பின்னமே வராம நான் அல்ஜீப்ரா படிச்ச மாதிரிதான் சார் இதுவும்."

எனக்குச் சுருக்கென்றது. எட்டாம் வகுப்பில் அவருக்கு அல்ஜீப்ரா எடுத்தவன் நான். பின்னம் தெரியுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பத்தாவதில் கணக்கில் தவறிக் கடைக்கு வந்தவர் அவர்.

திரும்பும்போது பஸ்ஸில் இதை அந்தப் பையனிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து புரோகிராமை 4.0-க்கு இறக்கினான். புதிய பதிப்பில் மட்டும் உள்ள வசதிகளை எடுத்துவிட்டு, அந்த இடங்களை மறுபடி எழுதினான். மூன்றாம் நாள் கடையின் பழைய பிரிண்டர் கரகரவென்று முதல் பில்லை அடித்தது.

ஆனால் கண்டிப்பாக ஒன்று சொன்னான்: "இதுல இன்டர்நெட் போடாதீங்கண்ணே. தினமும் கணக்கைப் பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்குங்க. அடுத்த தீபாவளிக்குள்ள மாத்திடணும்." அவரும் சொன்னபடி மாற்றிவிட்டார். இன்றும் அந்தப் பையன், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் கடைகளுக்குக் கொடுப்பதில்லை.

சாஃப்ட்வேரில் இருக்கும் பிள்ளைகளே, எழுதத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் என்ன கம்ப்யூட்டர் என்று கேளுங்கள். ஆசிரியராக இருப்பவர்களே, போன வகுப்புப் பாடம் தெரியுமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னியுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.