மவுஸ் பிடிச்ச போலீஸ்காரங்க

2000-கள்ல வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்க, இல்லன்னா கம்ப்யூட்டர் வச்சிருந்த பக்கத்து வீட்டுல பழி கிடந்தவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க. உங்கள்ல பாதிப் பேருக்காவது விர்ச்சுவா காப் 2 தெரிஞ்சிருக்கும். நகைக்கடையில கொள்ளை, கார்ல துரத்தல், கப்பல், சுரங்க ரயில். காசு கொடுத்து வாங்கினவங்களை நான் பார்த்ததே இல்ல. யாரோ ஒரு அண்ணன் சிடியில எழுதிக் கொடுத்துட்டுப் போயிருப்பார்.

மேட்டர் என்னன்னா, நாம ஆடினது அந்த கேமே இல்ல. அதோட நிழல்.

ஒரிஜினல், ஜப்பான்ல சேகா கம்பெனியோட ஏஎம்2 குழு செஞ்ச ஆர்கேட் மெஷின். யூ சுசுகி தலைமையில இருந்த குழு. முதல் பாகம் 1994, ரெண்டாம் பாகம் 1995. சேகாவோட மாடல் 2 போர்டுல ஓடினது. அதுக்கு முன்னாடி வந்த துப்பாக்கி விளையாட்டுகள்ல எதிரிங்க பெரும்பாலும் தட்டையான படங்கள். இதுல முப்பரிமாண உருவங்கள். அதனால எங்க சுட்டோமோ அதுக்குத் தகுந்த மாதிரி ஆள் விழுவான். கையில பார்த்து சுட்டா ஆள் சாகாம ஆயுதம் மட்டும் பறக்கும், அதுக்கு ஜஸ்டிஸ் ஷாட்னு தனி மார்க். எதிரியைச் சுத்தி ஒரு வட்டம் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பாயிடுச்சுன்னா அடுத்த குண்டு உங்களுக்குத்தான். நடுவுல கையைத் தூக்கிட்டு ஓடிவர்ற அப்பாவியைச் சுட்டீங்கன்னா ஒரு உயிர் காலி.

மெஷினுக்கு முன்னாடி ரெண்டு துப்பாக்கி தொங்கும். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு சுடலாம். மவுஸ்னு ஒரு வஸ்துவே அங்க கிடையாது.

அப்போ நாம எங்க குறி வைக்கறோம்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? சின்ன வயசுல நான் நினைச்சது, துப்பாக்கியிலேர்ந்து ஏதோ ஒளி கிளம்பி டிவியில படுதுன்னு. நிஜமாவே அப்படி ஒரு காலம் இருந்திருக்கு. 1936-ல அமெரிக்காவுல சீபர்க் கம்பெனி ரே-ஓ-லைட்னு ஒரு மெஷின் விட்டுது. துப்பாக்கி ஒளியை அனுப்பும், ஓடற பொம்மை வாத்துக்குள்ள இருக்கற சென்சார் அதை வாங்கிக்கும்.

டிவி வந்தப்புறம் கதை தலைகீழ். துப்பாக்கி எதையும் அனுப்பாது. அது ஒரு கண்ணு. டிவியைப் பார்க்கும், அவ்வளவுதான்.

பழைய குண்டு டிவியில படம் ஒரே நேரத்துல வராது. ஒரு எலக்ட்ரான் கற்றை மேலேர்ந்து கீழே, இடமிருந்து வலம்னு வரி வரியா வரைஞ்சுக்கிட்டே போகும். ஜப்பான் டிவி கணக்குல நொடிக்கு 60 தடவை. ஒரு வரிக்கு சுமார் 63.5 மைக்ரோசெகண்ட். நீங்க விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் வெள்ளையா மின்னும். கற்றை குழல் பார்க்கற இடத்தைத் தாண்டற நொடியில துப்பாக்கி "பார்த்துட்டேன்"னு சிக்னல் கொடுக்கும். கற்றை முதல் வரியில கிளம்பி 6.35 மில்லிசெகண்ட் ஆகியிருந்தா, 100 வரி முடிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த வரியில எவ்வளவு தூரம்ங்கறதும் அதே கணக்குதான். நேரத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கறாங்க! ஆறு குண்டு தீர்ந்ததும் திரைக்கு வெளியே சுட்டா ரீலோட் ஆகும். ஏன்னா அங்க கண்ணுக்கு வெளிச்சமே தெரியாது. 'தெரியலை'ங்கறதையே ஒரு கட்டளையாக்கி வச்சிருக்கான் மனுஷன். எவனோ ஒரு இன்ஜினியர், நல்லா இருக்கணும்.

இதை வீட்டுக்குக் கொண்டு வந்தப்போ என்ன ஆச்சுங்கறதுதான் சுவாரஸ்யம். 1995-ல சேகா சாட்டர்ன்ல முதல் பாகம், 1996-ல ரெண்டாம் பாகம். ஆர்கேட்ல நொடிக்கு 60 படமா ஓடின முதல் பாகம் சாட்டர்ன்ல 30 ஆச்சு. உருவங்களும் கொஞ்சம் சொரசொரன்னு ஆச்சு. ஆனா கூடவே விர்ச்சுவா கன்னு ஒரு துப்பாக்கி. வீட்டு டிவியும் குண்டு டிவிதான். அதனால ஆட்டத்தோட உயிர் அப்படியே வந்துடுச்சு.

பிசிக்கு முதல் பாகம் 1996-ல வந்தது, ரெண்டாவது 1997-ல. இங்க துப்பாக்கி போச்சு, மவுஸ் வந்தது. நம்ம ஊர்ல பரவினது இதுதான்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க வீட்டுல 2005-ல ஒரு பென்டியம் 4. எனக்கு எட்டு வயசு, அக்காவுக்குப் பன்னெண்டு. ஒரே மவுஸ், ரெண்டு பேர். சண்டை வராம இருக்க அக்கா ஒரு வழி கண்டுபிடிச்சா. மவுஸை அவ பிடிப்பா, சுடறது அவ. வலது பட்டன்ல என் விரல், ரீலோட் என் பொறுப்பு. "டேய் போடுடா, போடுடா!"ன்னு அவ கத்த, நான் அமுக்க, ஒரு மவுஸுக்கு மேல ரெண்டு கை. குண்டு எண்ணறதும் என் வேலை. "ஏய், அது பொதுஜனம்டி, சுடாதே"ன்னு கத்தறதும் என் வேலை. ஆர்கேட்ல ரெண்டு பேருக்கு ரெண்டு துப்பாக்கின்னு எங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கு ஒரு மவுஸ்தான் விதின்னு நினைச்சோம், சந்தோஷமா :-)

நிஜத் துப்பாக்கி பிடிச்சது 2016-ல, காலேஜ் படிக்கறப்ப, சென்னையில ஒரு மால்ல. பேய்ங்களைச் சுடற கேம். பத்து வருஷ மவுஸ் அனுபவம் இருக்கேங்கற தெனாவட்டுல இறங்கினேன். ரெண்டே நிமிஷம், ஆட்டம் க்ளோஸ். மவுஸ்ல மணிக்கட்டை லேசா அசைச்சா அம்புக்குறி திரை முழுக்க ஓடும். நாம அம்புக்குறியைத்தான் பார்ப்போம். துப்பாக்கியில அம்புக்குறின்னு ஒண்ணும் கிடையாது. கை, கண்ணு, எதிரி, மூணும் ஒரே கோட்டுல வரணும். வீட்டுக்கு வந்தும் முழங்கை வலிச்சுது. இத்தனை வருஷம் ஆடினது வேற விளையாட்டுன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

அதுக்குள்ள வீட்டுல இன்னொரு விஷயம் நடந்து முடிஞ்சிருந்தது. குண்டு மானிட்டரும் குண்டு டிவியும் காயலான் கடைக்குப் போயாச்சு. தட்டை டிவியில கற்றையே கிடையாது. மின்னல் மாதிரி ஒரு புள்ளி ஓடாது, படம் அப்படியே நிக்கும். போதாததுக்கு டிவி படத்தை வாங்கி, மெருகேத்தி, தாமதமாத்தான் காட்டும். சாட்டர்ன் துப்பாக்கியை அங்க நீட்டினா அதுக்கு எதுவும் புரியாது. துப்பாக்கியில ஒரு ரிப்பேரும் இல்ல, ஆனா வேலைக்கு ஆகாது. ஆபீஸ்ல ஒருத்தர் எழுதின கோடு, இன்னொரு சர்வரோட வேகத்தை நம்பி ஓடிக்கிட்டிருக்கும். சர்வரை மாத்தின அன்னிக்குப் படுத்துக்கும். அந்த மாதிரி.

வேற வழி வராம இல்ல. 2007-ல பிஎஸ்3-ல வந்த டைம் க்ரைசிஸ் 4 துப்பாக்கிக்கு, டிவி ரெண்டு பக்கமும் விளக்கு வைக்கணும். இப்போ சிண்டன்னு ஒரு துப்பாக்கி இருக்கு. அதுக்குள்ள கேமரா. படத்தைச் சுத்தி வெள்ளைக் கட்டம் போட்டு, அதைப் பார்த்து இடத்தைக் கணக்குப் போடும். அதோட விர்ச்சுவா காப் சாகவும் இல்ல. 1997-ல வந்த கோல்டன்ஐ 007 கேமை இயக்கின மார்ட்டின் ஹாலிஸ், இந்த கேமோட பாதிப்பைத் தானே சொல்லியிருக்கார். உடம்புல பட்ட இடத்துக்கு ஏத்த மாதிரி விழறது, அப்பாவியைச் சுட்டா தண்டனை எல்லாம் இங்கேர்ந்து போனதுதான்.

ஆனா என் கணக்கு இது: எங்ககிட்ட குண்டு மானிட்டர் இருந்தப்போ துப்பாக்கி இல்ல. இப்போ சம்பாதிக்கறேன், பழைய துப்பாக்கியைத் தேடி வாங்க முடியும், அதுக்கு வேண்டிய டிவி வீட்டுல இல்ல. கோடை எத்தனை காப்பி வேணா எடுக்கலாம். கண்ணாடிக் குழாயை எப்படிக் காப்பி எடுக்கறது?

போன வருஷம் அக்கா கனடாவுலேர்ந்து லீவுக்கு வந்தப்போ, அவ பையனுக்கு இந்த கேமை என் லேப்டாப்ல போட்டுக் காட்டினேன். ஏழு வயசு. மவுஸை அவன் கண்டுக்கவே இல்ல. ஆள் வந்ததும் நேரா திரையில விரலை வச்சு அமுக்கினான். ஒண்ணும் ஆகல. "மாமா, ஏன் நேரா தொட்டா சுடல?"ன்னு கேட்டான்.

1994-ல இந்த மெஷினைச் செஞ்சவங்க நினைச்சதும் அதானே? எதிரி எங்க இருக்கானோ அங்கயே நேரா கையை நீட்டு. நடுவுல அம்புக்குறி வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்கா எட்டாதது அவனுக்கு அரை நிமிஷத்துல புரிஞ்சிடுச்சு. பதில் சொல்றதுக்குள்ள அக்கா வந்து மவுஸைப் பிடிச்சுக்கிட்டா. "நீ ரீலோட் போடு கண்ணா"ன்னு அவன் விரலை எடுத்து வலது பட்டன்ல வச்சா. என் வேலை போச்சு!

ஆனா அடுத்த லீவுக்குள்ள ஒரு குண்டு டிவியும் ரெண்டு துப்பாக்கியும் தேத்திடணும்னு இருக்கேன். பரண்ல குண்டு டிவி தூங்கற வீடு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. படம் வந்தா போதும், ரிமோட் எல்லாம் வேணாம்.