தொண்டூர்க் குகையும் செஞ்சிக் காய்ச்சலும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்வோர்க்குச் செஞ்சி நகர் வருமுன்னரே அதன் குன்றுகள் காட்சி தருகின்றன. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றையும் மதில் வளைத்து நிற்கின்றது. 2025 சூலையில் இக்கோட்டை உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், கோட்டையைக் காண வரும் அன்பர்கள் முதலில் தொண்டூருக்குச் சென்று வருதல் நலம்.

செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களுள் ஒன்று தொண்டூர். அங்குள்ள பாறைக்குகையில் சமண முனிவர்க்கெனச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அடுத்துள்ள அகலூரின் பழம்பெயரைத் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உண்டு, கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் அறிஞர். சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்து வழங்குதல் ஒன்று. உணவும் அடைக்கலமும் கல்வியும் ஏனையவை. நம் திருச்சபை கூறும் இரக்கச் செயல்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், மண்ணின் பழைய அறம் நமக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும்.

இனிக் கோட்டைக்கு வருவோம். அரசர் பலர் விரும்பிய இவ்விடம் நோய்க்குப் பேர்போனது என்பதை வழிகாட்டிகள் சொல்வதில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொகலாயத் தளபதி தாவுத்கான் தம் இருப்பிடத்தை இங்கிருந்து ஆர்க்காட்டுக்கு மாற்றியதற்கு இவ்வூரின் நலக்கேடே காரணமாகக் கூறப்படுகின்றது. 1750இல் புஸ்ஸி இரவோடு இரவாகக் கோட்டையைப் பிடித்தார். 1761இல் பிரெஞ்சுக்காரர் அதனை இழந்தனர். இடைப்பட்ட காலத்தில் இங்கு 1200 ஐரோப்பிய வீரர் மடிந்தனர் என்றும், ஒரே வேளையில் நூறு பேர்க்கு மேல் அவர்கள் இருந்ததில்லை என்றும் வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதினார். பகைவரின் பீரங்கியன்று, காய்ச்சலே அவர்களை வீழ்த்தியது. மலேரியாவைக் கொசு பரப்புகின்றது என்பதற்குரிய சான்றை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். அதுவரை பழியைச் சுமந்தவை காற்றும் நீருமே.

மதிலால் தடுக்க இயலாத மற்றொரு நோய் 2020இல் வந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நிலவியது. ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா. மக்கள் இல்லாத கோயில்களில் குருக்கள் திருப்பலி நிறைவேற்ற, குடும்பங்கள் மாதா தொலைக்காட்சியின் முன் முழந்தாளிட்டன. தவக்காலம் முழுவதும் நோன்பிருந்தோர்க்கு நற்கருணையே நோன்பாயிற்று. கோயிலைப் பூட்டுவது விசுவாசக் குறைவன்றோ என நல்லவர் சிலர் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தை நாம் எள்ளுதல் ஆகாது. எனினும், 1576இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, புனித சார்லஸ் பொரோமேயு தெருமுனைகளில் பீடங்களை எழுப்பி, மக்கள் வீட்டுச் சாளரங்களிலிருந்தே திருப்பலி காணச் செய்தார். அவரைக் குறைந்த விசுவாசி என எவர் கூறுவார்? திருப்பலியில் சமாதானம் பகிர மேனாட்டார் கைகுலுக்குவதை விடவேண்டியிருந்தது. முன்பே கைகூப்பி வணங்கிவந்த நமக்கு அதிலேனும் மாற்றம் தேவைப்படவில்லை.

உண்மையான சோதனை கோயில் கதவில் வரவில்லை, ஊர் எல்லையில் வந்தது. சென்னைக் கோயம்பேடு அங்காடியில் பரவிய நோயால் மே 5ஆம் நாள் அது மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்தும் காய்கறி விற்றும் பிழைத்தவர்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களிலுள்ள தம் ஊர்களுக்குத் திரும்பினர். சில நாள்களிலேயே இம்மாவட்டங்களில் நோயாளர் தொகை கடுகி ஏறிற்று. மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பிய மகன், ஒரே இரவில் அஞ்சத்தக்கவன் ஆனான். அவனைத் தனியே வைத்தல் மருத்துவ முறை. அவனை வெறுத்தல் அம்முறையில் எங்கும் எழுதப்படவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவிக்கும் கடமை பங்குகளுக்கு அன்று இருந்தது.

இறந்தோர்க்கும் அந்த அச்சம் இடம் மறுத்தது. 2020 ஏப்ரல் 19ஆம் நாள், சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலை அடக்கம் செய்யவிடாது கூட்டம் ஒன்று கல்லெறிந்து தாக்கியது. சக மருத்துவர் முதலிய சிலரே அவரை இரவில் புதைக்க நேர்ந்தது. அதன்பின், அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டத்தை மாநில அரசு பிறப்பித்தது. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஏழாவது என மறைக்கல்வி வகுப்பில் ஒப்பிக்கின்றோம். அதனைக் காக்கச் சட்டம் வேண்டியதாயிற்று.

செஞ்சிக்கு வடக்கே சேத்துப்பட்டு உள்ளது. அங்குள்ள லூர்து மாதா ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்தைக் காணாது இப்பயணத்தை முடித்தல் ஆகாது. பாரீசு அயல்நாட்டு வேதபோதக சபையைச் சார்ந்த தந்தை தாராஸ் இப்பகுதியில் உழைத்தவர். 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சத்தோடு வாந்திபேதியும் சேர்ந்து ஊர்களைக் காலிசெய்தது. மக்கள் திரளாகத் திருச்சபையை நாடிவந்த காலமும் அதுவே. கஞ்சிக்காக வந்தவர்கள் என அவர்களைப் பின்னாளில் ஏளனம் செய்தோர் உண்டு. பசித்தவன் உணவு கிடைக்கும் இடத்தை நாடுவதில் இழிவு என்ன? பின்னர் அவ்வூரிலேயே தொழுநோயாளர்க்கெனக் கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றும் எழுந்தது. பிற ஊர்கள் எல்லைக்கு வெளியே நிறுத்தியவர்களுக்கு அங்கே படுக்கை கிடைத்தது.