குனிந்து வந்தவர் நிமிர்ந்து போனார்

அந்த இளைஞரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சுமார் முப்பது வயதுதான். ஆனாலும் கூன் விழுந்தவர்போல இடுப்புக்கு மேலே உடம்பு முன்பக்கம் வளைந்திருந்தது. பகலில் நடப்பதே அவதி. இரவிலோ எப்படிப் படுத்தாலும் சற்று நேரத்தில் வலி எழுப்பிவிடும். நிம்மதியாகத் தூங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

1955-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். அவர் சிகிச்சைக்கு வந்திருந்தது, லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற ஆஸ்டியோபதி மருத்துவரிடம்.

ஆஸ்டியோபதியில் மருத்துவரின் கைகளுக்குத்தான் முதல் இடம். அதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-ல் மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்குத் தன் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்த மருத்துவர் அவர். அன்றைய மருந்துகள் மீது நம்பிக்கை போய், எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் ஒழுங்கில் ஆரோக்கியத்தைத் தேடினார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் அதற்கென ஒரு கல்லூரியையும் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் இதைப் படித்து ‘டி.ஓ.’ பட்டம் வாங்கியவர்கள் முழுமையான மருத்துவர்கள். மருந்தும் எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம்.

இளைஞரின் பிரச்னை எந்தத் தசையில் என்பது ஜோன்ஸுக்குத் தெரிந்தே இருந்தது. ‘சோவாஸ்’ என்று அதற்குப் பெயர். கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் இருபுறமும் தொடங்கி, வயிற்றின் ஆழத்தில் இறங்கி, இடுப்பின் முன்பக்கமாக வந்து தொடையெலும்பின் உட்புறத்தில் சேரும் தசை. படியேறக் காலைத் தூக்கினால், தூக்குவதில் பெரும்பங்கு அதனுடையது. அது இறுகிக்கொண்டால் முதுகெலும்பை முன்னால் இழுக்கும். நிமிர முயன்றால் முதுகில் வலிக்கும்.

இறுக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மேசையின் விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற தொடை மேசையில் படியாமல் தூக்கிக்கொண்டால், அந்தப் பக்கத்து இடுப்பின் முன்தசை இறுகியிருக்கிறது என்று பொருள். 19-ம் நூற்றாண்டில் லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவரின் பெயரால் இதைத் ‘தாமஸ் சோதனை’ என்கிறார்கள். அவர், எலும்பு கட்டும் வைத்தியர்களின் பரம்பரையில் வந்தவர்.

தசை தெரிந்துவிட்டது. சிகிச்சை மட்டும் பலிக்கவில்லை. இறுகியதை நீட்ட வேண்டும், வளைந்ததை நிமிர்த்த வேண்டும். ஜோன்ஸ் கற்றது அதுதான். பல வாரங்கள் அதைச் செய்தும் பார்த்தார். இளைஞர் குனிந்தே வந்தார், குனிந்தே போனார்.

ஒருநாள் ஜோன்ஸ் குணப்படுத்துவதைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தார். இந்த மனிதர் இரவில் கொஞ்சமாவது தூங்கட்டும், அதற்கு வசதியான ஒரு நிலையைக் கண்டுபிடித்துக் கொடுப்போம் என்று நினைத்தார். இப்படி மடக்கி, அப்படித் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். சுமார் இருபது நிமிடங்கள் ஆயின. கடைசியில் வலி அடங்கிய நிலை, உடம்பு ஏற்கெனவே வளைந்திருந்த பக்கமாக இன்னும் அதிகமாகச் சுருண்ட நிலை! தலையணைகளை முட்டுக்கொடுத்து, அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்து எழுப்பியபோது இளைஞர் நேராக நின்றார். வலி இல்லை. நோயாளிக்கு ஏற்பட்ட ஆச்சர்யம் மருத்துவருக்கும் குறையாமல் இருந்தது. வாரக்கணக்கில் செய்த சிகிச்சை தராத பலனை, தூங்க வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு தந்திருந்தது.

சில ஆண்டுகள் கழித்து அடுத்த பாடம் கிடைத்தது. முதுகுவலிக்காக அவரிடம் வந்துகொண்டிருந்த இன்னொருவருக்கு, தோட்ட வேலையின்போது மண்வெட்டிக் காம்பு தொடை இடுக்கில் இடித்துவிட்டது. குடலிறக்கமாக இருக்குமோ என்று பயந்து வந்தார். அது இல்லை. ஆனால், அந்த இடத்தில் விரல் வைத்தாலே வலித்தது. வழக்கம்போல முதுகுக்காக அவரை வசதியான நிலையில் வைத்துச் சிகிச்சை கொடுத்தபின் தொட்டுப் பார்த்தால், முன்பக்கத்து வலியும் போயிருந்தது. முதுகு வலிக்கிறது என்று வருபவர்களின் முன்பக்கத்தையும் ஜோன்ஸ் தேட ஆரம்பித்தது அதன்பிறகுதான்.

இதற்கு அவர் சொன்ன விளக்கம் வீட்டில் நடக்கக்கூடியதுதான். குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது குழந்தை ‘வீல்’ என்று கத்துகிறது. பதறி எழுகிறோம். குனிந்திருந்தவரை சுருங்கி ஓய்ந்திருந்த முன்தசை, ஒரு நொடியில் இழுபடுகிறது. ‘அளவுக்கு மீறி இழுக்கிறார்கள்’ என்று தவறாகப் புரிந்துகொண்டு அது இறுகிக்கொள்கிறது. அந்த எச்சரிக்கை அடங்கவே இல்லை. வலி முதுகில், காரணம் முன்னால்.

ஆகவே சிகிச்சை, தசையைப் பழைய சுருங்கிய நிலைக்கே திரும்பக் கொண்டுபோவது. சுமார் 90 விநாடிகள் அப்படியே வைத்திருப்பது. பிறகு மிக மெதுவாக நேராக்குவது. அவசரப்பட்டால் தசை மறுபடி மிரண்டுவிடும் என்பார்கள். 1964-ல் இதைக் கட்டுரையாக எழுதினார் ஜோன்ஸ். இன்று ‘ஸ்ட்ரெயின் கவுன்டர்ஸ்ட்ரெயின்’ என்ற பெயரில் பிசியோதெரபிஸ்ட்டுகளும் இதைக் கற்கிறார்கள்.

அந்த விளக்கம் இன்னும் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. ஆஸ்டியோபதி சிகிச்சை முழுவதையும் சோதித்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2013-ல் டெக்சாஸில் 455 பேரிடம் நடந்த ஆய்வில், நிஜ சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவிகிதம் பேருக்கும், சும்மா தொட்டு அனுப்பப்பட்டவர்களில் 46 சதவிகிதம் பேருக்கும் கீழ்முதுகு வலி ஓரளவு நன்றாகக் குறைந்திருந்தது. 2021-ல் வெளியான பிரான்ஸ் ஆய்வு 400 பேரைப் பார்த்துவிட்டு, கிடைத்த பலன் சிறியது என்றது. சும்மா தொட்டதிலேயே பாதிப்பேருக்கு நெருக்கமாகக் குணம் தெரிந்தது கவனிக்க வேண்டிய செய்தி. பெரும்பாலான முதுகுவலிக்குக் காலமும், படுத்தே கிடக்காத நடமாட்டமும் மருந்தாகின்றன.

ஆனால் சில வலிகளில் காத்திருக்கவே கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால், தொடை இடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப்போனால், காலில் பலம் குறைந்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், கீழே விழுந்தபின் வலி வந்தால், முன்பு புற்றுநோய் இருந்திருந்தால், கைச்சிகிச்சை தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1955-ல் ஜோன்ஸிடம் புதிய கருவியோ மருந்தோ இல்லை. தனக்குத் தெரிந்த வைத்தியம் தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு, இருபது நிமிடங்கள், ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று ஒரு மனிதரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த இளைஞர் அன்று தன் காலால் நேராக நடந்து வீட்டுக்குப் போனார்.