அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு

மளிகை, பாத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று பாரிமுனைப் பக்கம் போகாத சென்னைப் பெண்மணிகள் குறைவு. அங்கே அரண்மனைக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அதில் அரண்மனை எங்கே என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? தேடினாலும் கிடைக்காது. 'ஆர்மீனியன்' என்ற பெயர்தான் நம்மவர் வாயில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது!

பாரசீகத்திலிருந்து வியாபாரத்துக்காக வந்தவர்கள் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள். 1712-லேயே இங்கே அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. இன்று நாம் பார்ப்பது, மரியன்னையின் பெயரால் 1772-ல் கட்டியது. கோயில் தனி, ஆறு மணிகள் தொங்கும் கோபுரம் தனி. வெளியே லாரியும் தள்ளுவண்டியுமாக ஒரே இரைச்சல். உள்ளே போனால் அப்படி ஓர் அமைதி. சுமார் 350 ஆர்மீனியர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றனவாம். தரையில் பதித்த கற்களைப் பார்த்ததும், மிதித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கித்தான் நடந்தேன்.

அங்கே அடக்கமானவர்களில் ஒருவர் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தவர். கேட்டதும் என் வயிறு கலங்கிவிட்டது. அந்த மனிதர் இடிந்துபோய் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1794-ல் 'அஸ்தரார்' என்ற மாதப் பத்திரிகையை நம் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அதுதான். பதினெட்டு இதழ்களோடு நின்றுபோனாலும், முதல் என்ற பெருமை போகுமா?

பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரியோ, பரங்கிமலை ஏறுகிறவர்களுக்காகப் படிக்கட்டு அமைத்தார். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலமும் கட்டினார். பாலம் மாறிவிட்டது. படிகளில் ஜனங்கள் இன்றும் ஏறுகிறார்கள்.

பிறந்த ஊரை விட்டு வந்து, வந்த இடத்துக்கு நல்லது செய்வது என்றால் என்னவென்று நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை அவர்களுக்குப் புகுந்த வீடு. இன்று அந்தச் சமூகத்தார் இங்கே இல்லையென்றே சொல்லலாம். ஆனாலும் கோயிலைப் பெருக்கித் துடைத்து அழகாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை பாரிமுனைக்குப் போனால், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உள்ளே போய்விட்டு வாருங்கள். அரண்மனை எங்கேம்மா என்று கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.